அறுபது மூட்டைக்கு ஒரு பெயர்

லேபிளக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பாள், அவ்வளவுதான். விதைக் கிடங்கில் அவளோடு வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தச் சங்கதி தெரியும். கண்ணாடி கீழே இறங்கியதும் ஆளாளுக்கு ஏதோ ஒரு வேலை ஞாபகம் வந்து நழுவிவிடுவார்கள். புது மேனேஜருக்கு அது தெரியாது. பாவம், அவர் வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி மேஸ்திரியிலிருந்து லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் லேபிளக்கா. அவளைவிட இரண்டு வயது மூத்த டைப்பிஸ்டுகூட அப்படித்தான் கூப்பிடுவார். விவசாயிகள் சங்கத்துக்குச் சொந்தமான கிடங்கு அது. வெளியிலிருந்து வரும் விதை மூட்டைகளில் ஏற்கெனவே இருக்கும் அட்டையை அறுத்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சங்கத்தின் லேபிளை மூட்டை வாயில் வைத்துத் தைக்க வேண்டும். என்ன பயிர், என்ன ரகம், நூற்றுக்கு எத்தனை முளைக்கும் என்று அதில் இருக்கும். கீழே அவள் கையெழுத்து இருக்கும். இருபத்திரண்டு வயதில் கோணியூசியோடு வந்தவள், ஐம்பத்தைந்து வயதிலும் அதே கோணியூசியோடு இருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு கோளாறு செய்தாள். ரேப் என்ற எண்ணெய்ப் பயிரின் விதை மூட்டை ஒன்றில் கடுகு லேபிளைத் தைத்துவிட்டாள். விதையாக இருக்கும்போது இரண்டும் உடன்பிறந்தவை மாதிரிதான் இருக்கும். வாங்கிப்போன விவசாயி நம்பி விதைத்தார். அந்தச் சனியன் பிடித்த ரேப் செடி முற்றினால் காய் வெடித்து விதையைத் தரையில் கொட்டிவிடும். கொட்டிய விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் தூங்கும். பிறகு அந்த வயலில் எதை விதைத்தாலும் நடுநடுவே இதுவும் தலைகாட்டும்.

அந்த மனிதர் சண்டைக்கு வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வருவார். வேரும் மண்ணுமாகப் பிடுங்கிய செடி ஒன்றை அவள் மேசைமேல் வைப்பார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அப்படி ஆறு வருடம் வந்தார். திட்டித் தீர்த்திருந்தால் ஒரே நாளில் அழுது முடித்திருப்பாள். அந்த ஆறு செடிகள் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டன. அதற்குப் பிறகு மூட்டையிலிருந்து நாலு விதை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்க்காமல் அவள் ஒரு லேபிளும் தைத்ததில்லை. கடுகு சுருக்கென்று மூக்குக்கு ஏறும். ரேப் ஒன்றும் செய்யாது, வழுவழுவென்று எண்ணெய்தான் வரும்.

ரேப் என்று சொல்லும்போதே புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என்ன செய்வது, ஆங்கிலத்தில் அந்த எண்ணெய்ப் பயிருக்கு அதுதான் பெயர். லத்தீனில் டர்னிப் கிழங்கைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாம். அந்தப் பாழாய்ப்போன குற்றத்துக்கும் ஆங்கிலத்தில் அதே நாலு எழுத்து வந்து வாய்த்தது பயிரின் தலையெழுத்து. கிடங்கில் யாருக்கும் அது உறைத்ததே இல்லை. "நேத்து வந்த ரேப்பை எங்க வெச்சீங்க?" என்று மேஸ்திரி கத்துவார், "மூணாவது வரிசையில" என்று பதில் வரும், வேலை நடக்கும்.

புது மேனேஜருக்குத்தான் அது காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. வெளியிலிருந்து ஒரு குழு கிடங்கைப் பார்வையிட வருவதாக இருந்தது. நல்ல விதைக் கிடங்கு என்று அங்கீகாரம் கொடுக்கும் குழு. அதற்குள் எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிட வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். சுவருக்கு வெள்ளையடித்தார், சரி. தொட்டிச் செடி வைத்தார், அதுவும் சரி. கூடவே ஒரு புது கம்ப்யூட்டர் புரோகிராமையும் கொண்டுவந்து வைத்தார். அது தகாத சொற்களை உள்ளே விடாதாம். முதல் நாளே ஆங்கிலத்தில் சேவல் கால் என்று பொருள்படும் ஒரு தீவனப் புல்லின் பெயரை, அதற்குள் கெட்ட வார்த்தை ஒளிந்திருக்கிறது என்று தூக்கி வெளியே போட்டது. சேவல் என்ன பாவம் செய்ததோ! மண் கொத்தும் கருவி ஒன்றின் ஆங்கிலப் பெயரும் அதற்குப் பிடிக்கவில்லை. ரேப் என்று தட்டினால் கேட்கவே வேண்டாம், திரை முழுக்கச் சிவப்பு.

மகள் வீடு மாறுகிறாள் என்று லேபிளக்கா நாலு நாள் லீவு போட்டாள். முப்பத்து மூன்று வருடத்தில் அவள் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு எடுத்தது அபூர்வம். அந்த நாலு நாளைக்குள்தான் அறுபது மூட்டை ரேப்பும் முப்பத்தாறு மூட்டை கடுகும் ஒரே லாரியில் வந்து இறங்கின.

திரும்பி வந்த அன்று காலை கடுகு வரிசையைப் பார்த்து நின்றுவிட்டாள். தொண்ணூற்றாறு மூட்டை, ஒரே நிறக் கோணி, எல்லாவற்றிலும் கடுகு என்று அச்சடித்த லேபிள். கையெழுத்து இடம் காலி. முதல் மூட்டையில் இரும்புக் குழலைக் குத்தி விதை எடுத்துக் கடித்தாள். சுருக்கென்றது. இரண்டாவது, அதுவும் சுருக்கென்றது. மூன்றாவதைக் கடித்தாள், ஒன்றுமே இல்லை.

நேராக டைப்பிஸ்டிடம் போனாள். மனிதர் இருபத்தேழு வருடத்தில் யாரிடமும் முடியாது என்று சொல்லி அறியாதவர். அவளைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணே, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கம்ப்யூட்டர் அந்தப் பேரை எடுக்கவே மாட்டேங்குது லேபிளக்கா. மூட்டை வந்து இறங்கிடுச்சு, பேரு போட்டாத்தான் அடுத்த பக்கம் திறக்குது. அதான் தற்காலிகமா கடுகுன்னு போட்டேன். அப்புறமா மாத்திக்கலாம்னு..."

"பழைய அட்டை?"

"வழக்கம்போல அறுத்து ஆபீசுக்கு அனுப்பியாச்சு."

"எந்த மூட்டையில இருந்து எந்த அட்டையை அறுத்தாங்கன்னு யாருக்காவது தெரியுமா?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். கம்ப்யூட்டர் பெயரைப் பார்த்து இடம் ஒதுக்கியது. எல்லாம் கடுகு என்பதால் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கச் சொன்னது. ஆட்கள் கைக்கு வந்தபடி அடுக்கிவிட்டார்கள். இப்போது எது எதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பன்னிரண்டு நாளில் விவசாயிகளுக்கு லாரி கிளம்ப வேண்டும்.

மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"மேடம், கடுகுன்னு ஏத்தியாச்சு. பேசாம அப்படியே விட்ருங்க. பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு?"

"மூட்டைக்குள்ள இருக்கறவரைக்கும் ஒரே மாதிரி இருக்கும் சார். வயல்ல முளைச்சா இருக்காது."

"சரி, பிரிச்சே எடுத்துக்குங்க. ஆனா லேபிள்ல அந்தப் பேரு வேண்டாம். கனோலான்னு போட்டுக்கலாம். கேக்க நல்லா இருக்கு."

"அது இந்தப் பயிர்லயே சமையல் எண்ணெய்க்குப் போடற ரகம் சார். இது மெஷினுக்கு ஊத்தற எண்ணெய்க்கு. கனோலான்னு போட்டுக் குடுத்தா நாளைக்கு யாரோ வாணலியில ஊத்துவாங்க."

மேனேஜர் பேனாவை மூடினார். "இங்க பாருங்க. வர்ற குழுவுல பாதிப் பேர் லேடீஸ். வாசல்லயே அந்த வார்த்தையை மூட்டை மூட்டையா அடுக்கி வெச்சா என்ன நினைப்பாங்க? நீங்களும் ஒரு பொம்பளை. உங்களுக்கே கூச்சமா இல்லையா?"

லேபிளக்கா கண்ணாடியைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள்.

"கூச்சமா? எனக்கா? பேப்பரைத் திறந்தா தினமும் அந்த வார்த்தை இருக்கு சார். அதைச் செஞ்சவன் நெஞ்சை நிமித்திக்கிட்டுதான் நடக்கறான். அவனுக்கு வராத கூச்சம் இந்தச் செடிக்கு எதுக்கு? இது எவளையும் ஒண்ணும் பண்ணல. மழை பெஞ்சா முளைக்குது, மஞ்சளாப் பூக்குது, எண்ணெய் குடுக்குது. இதோட பேரை அழிச்சிட்டா நாளையிலேருந்து எல்லாப் பொண்ணும் தைரியமா வெளிய போயிட்டு வருவாளா? அப்படின்னா சொல்லுங்க, நானே அழிக்கறேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் சொல்றதைச் செய்ங்க மேடம். எதிர்த்துப் பேசாதீங்க."

"செய்ய மாட்டேன் சார்," என்றாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

கிடங்கில் ஒரு விதி உண்டு. விதையில் சந்தேகம் இருந்தால் லேபிள் பொறுப்பாளர் சிவப்புச் சீட்டு ஒட்டி நிறுத்தலாம்; சோதித்து முடிக்கும்வரை மேனேஜரும் தொட முடியாது. யாரும் பயன்படுத்தாமல் விதிப்புத்தகத்தில் தூசி படிந்து கிடந்தது அது. அவள் அன்றைக்குத் தொண்ணூற்றாறு சிவப்புச் சீட்டு ஒட்டினாள்.

பிறகு ஆரம்பித்தது வேலை. மூட்டைக்கு எண் போட்டு, ஒவ்வொன்றிலும் விதை எடுத்து ஈரக் காகிதம் விரித்த தட்டுகளில் முளைக்கப் போட்டாள். முதல் இலை வந்தால் பொய் சொல்லாது: கடுகின் இலை வெளிர்பச்சையாக, தொட்டால் சொரசொரவென்று ரோமத்தோடு இருக்கும், ரேப்பின் இலை நீலம் கலந்த பச்சையில் வழுவழுப்பாக இருக்கும். அதற்குப் பத்து நாளாவது வேண்டும். சும்மா காத்திருக்க அவளுக்குப் பொறுமை ஏது? மூட்டை மூட்டையாகக் கடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தாள். இருபது மூட்டைக்குமேல் நாக்கு மரத்துப்போனது. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுநாள் இன்னொரு இருபது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பேச முடியாமல் கையைக் காட்டிப் பால் கேட்டாள். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரு டம்ளர் பாலைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உன் நாக்கு ஓய்ஞ்சு நான் பாத்ததே இல்ல. உங்க மேனேஜருக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்."

அவள் முறைத்தாள். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "விளையாட்டுக்குச் சொன்னேன். ஆனா பென்ஷனுக்கு மூணு வருஷம்தான் இருக்கு. பாத்துக்க."

மகள் போனில் வேறு மாதிரி சொன்னாள். "எத்தனையோ இடத்துல அந்தப் பேரை மாத்திட்டாங்கம்மா. நீ மட்டும் ஏன் மல்லுக்கு நிக்கற?"

"மாத்தட்டுமே, நான் வேண்டாங்கல," என்றாள் லேபிளக்கா. பால் குடித்ததில் நாக்குக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. "எல்லாருமா உக்காந்து இதுக்கு இனிமே இதான் பேருன்னு முடிவு பண்ணி, விதைக்கறவங்க கிட்டயும் சொல்லட்டும். மறுநாளே அந்தப் பேரைத் தைக்கறேன். இன்னொரு பயிரோட பேரை எடுத்து இதுக்கு மாட்டறது களவாணித்தனம். அதுக்கு என் கையெழுத்து கிடைக்காது."

பதினோராம் நாள் இலைகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. ஐம்பத்தொன்பது மூட்டை ரேப், முப்பத்தாறு கடுகு. மிச்சம் ஒரே ஒரு மூட்டையில் இரண்டும் கலந்து முளைத்திருந்தது. வழியில் கிழிந்த மூட்டையை எவனோ பக்கத்து மூட்டையிலிருந்து அள்ளி நிரப்பித் தைத்திருக்கிறான். அதை முற்றத்துக்கு இழுத்துவரச் சொல்லி, வாயை அறுத்து, குழாய்த் தண்ணீரை அதற்குள் திறந்துவிட்டாள். இனி அதை யாரும் விற்கவும் முடியாது, விதைக்கவும் முடியாது. மேனேஜர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அரை மணி நேரத்தில் ஆர்டர் வந்தது. லேபிளக்கா இன்றே வாசல் காவல் கூண்டுக்குப் போக வேண்டும். உள்ளே வருகிற, வெளியே போகிற வண்டிகளின் எண்ணை எழுத வேண்டும். நாளைக் காலை லாரி கிளம்புவதற்குள் பிரித்த மூட்டை எல்லாவற்றுக்கும் டைப்பிஸ்ட் கடுகு என்றே லேபிள் அடிக்க வேண்டும். எது எதென்று விவசாயிகளுக்குப் பிறகு வாய்மொழியாகச் சொல்லிக்கொள்ளலாம். வாய்மொழியாம்! ஐம்பது அறுபது பேர், திசைக்கு ஒரு வயல், யார் போய் எந்த வாயால் சொல்வது?

லேபிளக்கா கோணியூசியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். நடக்கும்போது அழுகை வந்தது. முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்த மேசை. வராமல் என்ன செய்யும்? கூண்டுக்குள் நுழைந்து, மூக்கைச் சிந்திவிட்டு, அங்கே தொங்கிய விதிமுறை அட்டையைப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். விவசாயி கொடுத்த ஆர்டர் சீட்டில் உள்ள பயிரும் மூட்டை லேபிளில் உள்ள பயிரும் ஒன்றுதானா என்று வாசலில் இருப்பவர் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாமல் லாரி வெளியே போகக் கூடாது. தண்டனை கொடுத்த அவசரத்தில் மேனேஜர் அந்த அட்டையைப் படிக்கவில்லை.

அன்று வீட்டில் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "நாளைக்கு லாரியை நான் விடப் போறதில்ல. வேலையே போனாலும் சரி."

"சரி, சோத்து டப்பாவை மறக்காம எடுத்துட்டுப் போ. மறியல்னா நேரமாகும்," என்றார் வீட்டுக்காரர்.

காலையில் குழு வந்து இறங்கியது. ஆறு பேர். மேனேஜர் பவ்யமாக அவர்களுக்கு வெள்ளைச் சுவரைக் காட்டினார். அதே நேரத்தில் லாரி கிடங்கிலிருந்து நகர்ந்து வாசலுக்கு வந்தது. லேபிளக்கா கூண்டிலிருந்து இறங்கி, குறுக்குக் கட்டையைத் தூக்காமல், லாரிக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவர் என்ஜினை அணைத்தார்.

பின்பக்கம் ஏறித் தார்ப்பாயை விலக்கினாள். கடுகு அடுத்த லாரிக்கு; இதன் ஆர்டர் சீட்டில் ஐம்பத்தொன்பது ரேப் என்று இருந்தது. குனிந்து முதல் லேபிளைப் பார்த்தாள்.

அச்சடித்த லேபிள் இல்லை. பேனாவால் எழுதியது. இருபத்தேழு வருடம் தட்டிப் பழகிய கை, எழுதத் தெரியாமல் கோணல்மாணலாக எழுதியிருந்தது. ஆனால் ரேப்பின் நாலு ஆங்கில எழுத்தும் முழுசாக இருந்தன. ரகம் இருந்தது. 'இயந்திர எண்ணெய்க்கு மட்டும்' என்று இருந்தது. கீழே டைப்பிஸ்டின் கையெழுத்து. இரண்டாவது மூட்டையிலும் அதேதான். லேபிளக்கா கடைசி மூட்டைவரை தாவித் தாவிப் பார்த்தாள். ஐம்பத்தொன்பதிலும் அதே பெயர், அதே கையெழுத்து.

லாரி நிற்பதைப் பார்த்து மேனேஜர் ஓடிவந்தார், பின்னாலேயே குழுவும் வந்தது. லேபிளைக் கையில் தூக்கிப் பிடித்தார். "யார் எழுதினது இதை? மேடம், நீங்கதானே?"

"நான்தான் சார்," என்று கிடங்கு வாசலிலிருந்து சத்தம் வந்தது. டைப்பிஸ்ட் நின்றுகொண்டிருந்தார். விரலெல்லாம் மை. "கம்ப்யூட்டர் அந்தப் பேரை எடுக்கல. விடியறதுக்கு முன்னாடியே வந்து கையால எழுதினேன்."

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"போன தடவை யாரையும் கேக்காமதான் சார் பொய் எழுதினேன். இந்தத் தடவை உள்ள என்ன இருக்கோ அதை எழுதியிருக்கேன்."

குழுவில் வந்த அம்மாள் ஒருவர் லேபிளைத் திருப்பிப் படித்தார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். "முளைப்புத் திறன் தொண்ணூத்தி மூணா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"தொண்ணூத்தி மூணு," என்றாள் லேபிளக்கா. "என் கையாலயே எண்ணினேன்."

"நல்ல விதை," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மூட்டைக்குப் போனார்.

மேனேஜருக்குக் கோபத்தை இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. "ரெண்டு பேரும் எனக்கு விளக்கக் கடிதம் எழுதிக் குடுக்கணும். இன்னைக்கே!"

"குடுக்கறேன் சார்," என்றார் டைப்பிஸ்ட். "கையாலயே எழுதித் தரேன். இப்ப நல்லாப் பழகிடுச்சு."

லேபிளக்கா ஆர்டர் சீட்டில் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். பிறகு போய்க் கட்டையைத் தூக்கினாள்.